பீ.டி. சார் தூக்கிக்கொண்டு ஓடிய புத்தகம்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். டாக்டரே பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார். கேட்டதைப் புரிந்துகொள்கிற பாகத்தைத்தான் என்னைச் செய்த இடத்தில் பொருத்த மறந்துவிட்டார்கள். அது போதாதென்று இன்னொரு நல்ல குணமும் உண்டு: புரியவில்லை என்று வாய் திறந்து சொல்ல மாட்டேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிடுவேன்.

ரிஷிவந்தியத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது வருங்கால மாமியார் உள்ளேயிருந்து, "காரம் ஜாஸ்தியா போட்டா பரவால்லீங்களா?" என்று கேட்டார். பஜ்ஜிக்குச் சட்னி. எனக்குக் கேரம் என்று விழுந்தது. "காலேஜ்ல டீமுக்கே ஆடியிருக்கேங்க" என்றேன். பெண்ணாக உட்கார்ந்திருந்த மலர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வெட்கம் என்று நினைத்தேன். ("இந்த ஆளை அப்டியே வெளியில வுட்டா எதுனா வண்டியில அடிபட்டுடுவாருன்னு பாவம் பாத்துதான் ஒத்துக்கினேன்" என்று பிறகு வாக்குமூலம் கொடுத்தாள்.)

இப்படிப்பட்ட ஒருவன் புத்தக பைண்டிங் கற்றுக்கொள்ளப் போன கதை இது.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை. மலர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஒரு சின்ன அரசுப் பள்ளியில் டீச்சர். திங்கட்கிழமை மலை ஏறினால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவாள். நடுவில் கிடைக்கிற சாயங்காலங்களை நான் போனில் வீடியோ பார்த்து வீணடித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒருநாள் திரையில் வெள்ளைக்காரத் தாடிக்காரர் ஒருவர் வந்தார். தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, மர மேசையில், பின்னணியில் பியானோ மெதுவாக ஒலிக்க, கையாலேயே ஒரு புத்தகத்தைத் தைத்து முடித்தார். கடைசியில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

எனக்குள் இருந்த தாடிக்காரன் விழித்துக்கொண்டான். அன்றைக்கே ஆன்லைனில் ஒரு ஏப்ரன், பேப்பர் மடிக்கிற எலும்புப் பட்டை ஒன்று, இரண்டுக்கும் ஆர்டர் போட்டேன். தாடி மட்டும் சரியாக வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேணுகா அக்காவும் மும்தாஜ் அக்காவும் சேர்ந்து பைண்டிங் கடை நடத்துகிறார்கள். இரண்டு பேருக்கும் என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. காலேஜ் ரெக்கார்டு, வக்கீல் ஆபீஸ் கட்டு, கோயில் பாட்டுப் புத்தகம் என்று எந்நேரமும் உத்தரம் வரை வேலை அடுக்கிக் கிடக்கும். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் போய் வாசலில் நின்றேன்.

ரேணுகா அக்கா நிமிர்ந்து பார்த்தார். "கேட்டரிங் எதிர்த்த வூடு சார்."

"இல்லீங்க்கா. பைண்டிங் கத்துக்கலாம்னு வந்தேன்."

"அதுக்கு எதுக்கு சார் பரோட்டா மாஸ்டர் மாதிரி வந்துக்கினு?"

நான் கௌரவத்தைக் காப்பாற்ற எலும்புப் பட்டையை எடுத்து நீட்டினேன். மும்தாஜ் அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா?"

"எலும்புங்க்கா. மாட்டெலும்பு. பேப்பரை மடிச்சு நீவுறதுக்கு."

"நாய் கீய் வளக்கிறீங்களா சார்?"

(இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

சேர்த்துக்கொண்டார்கள். கொள்கை அடிப்படையில் அல்ல. மத்தியான நேரத்தில் தூக்கம் வராமல் இருக்க நான் உதவுவேன் என்று ரேணுகா அக்கா கணித்திருக்கிறார். கணிப்பு பொய்க்கவில்லை. தாளை மடிக்கச் சொன்னால் ஒரு ஓரம் உளுந்தூர்பேட்டையைப் பார்க்கும், ஒரு ஓரம் சங்கராபுரத்தைப் பார்க்கும். நாலைந்து தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் அது ஒரு ஃபாரம். அப்படி ஃபாரங்களை அடுக்கி முதுகுப் பக்கம் ஊசி ஏற்றி, நூலை உள்ளே விட்டு வெளியே எடுத்து, கீழே இருக்கிற ஃபாரத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டே மேலே போக வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் தையல் முடிந்து பெருமையாகக் கையைத் தூக்கினேன். கையோடு புத்தகமும் வந்தது. ஒரு காலேஜ் மாணவியின் விலங்கியல் ரெக்கார்டை என் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்திருந்தேன்.

"சட்டையும் சேத்து பைண்டிங்னா அது டீலக்ஸ் ரேட்டு சார்" என்றார் ரேணுகா அக்கா.

மும்தாஜ் அக்கா அவ்வளவு பேச மாட்டார். அவர் சொல்வது ஒரே வார்த்தை. நான் தைத்ததை வாங்குவார், நூலைச் சுண்டிப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். "பிரிங்க."

மறுபடி தைப்பேன். சுண்டுவார். "பிரிங்க."

ஒரு மாதம் இப்படிப் போனது. வார இறுதியில் மலை இறங்கி வந்த மலர், "இன்னாங்க கத்துக்கினீங்க?" என்று கேட்டாள்.

"பிரிக்க" என்றேன்.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, தையல் கைக்கு வந்துவிட்டது. மும்தாஜ் அக்கா ஒருநாள் என் நூலைச் சுண்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வைத்தார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. மைதா பசை காய்ச்சவும் கற்றேன். கட்டி தட்டாமல் கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கடைசியில் துளி மயில்துத்தம் போட வேண்டும்; நீல நிறத்தில் இருக்கிற விஷ உப்பு அது. பத்துத் தடவை காய்ச்சினால் ஒன்பது தடவை மயில்துத்தத்தை மறந்துவிடுவேன். "அது ஒண்ணுதான சார் முக்கியம்" என்று ரேணுகா அக்கா தலையில் அடித்துக்கொள்வார். (இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.)

இந்த நேரத்தில்தான் மலர் ஒரு பெரிய கட்டோடு மலை இறங்கினாள்.

அவள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு புத்தகம் செய்திருந்தார்கள். பெரிய தாளை இரண்டாக மடித்து, பக்கத்துக்கு ஒரு பிள்ளை; ஒரு படம், அதற்குக் கீழே நாலு வரி. கரடி வந்த கதை, தேனெடுக்கப் போன அப்பா, கடுக்காய் பொறுக்குகிற அம்மா, மரவள்ளிக் காட்டில் பன்றி, பஸ்ஸைவிடப் பெரியதாக அதற்குள் உட்கார்ந்திருக்கிற டிரைவர். ஆண்டு விழாவில் அதை மேடையில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் ஏறித் தன் பக்கத்தைத் தானே வாசிக்க வேண்டும். அதைக் கேட்பதற்காகவே அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகாமல் வருவதாக அப்பா அம்மாக்கள் சொல்லியிருந்தார்கள்.

"உங்க அக்காங்ககிட்ட குடுத்து பைண்டிங் பண்ணி வாங்கியாங்க" என்றாள்.

"எதுக்கு அவங்க? நான் இன்னாத்துக்கு இருக்கேன்?"

மலர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புது பிரஷர் குக்கர் வாங்குகிறவர்கள் மூடியைப் பார்ப்பார்களே, அப்படி.

"வேணாங்க. ஒரே ஒரு காப்பி இது. மழைக்காலம் பூரா உக்காந்து வரைஞ்சிக்கீதுங்க. ஒரு பக்கம் போச்சுன்னாகூட அந்தப் புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

"ஒரு பக்கம் போனா நான் மலையை விட்டே இறங்க மாட்டேன் மலர்."

"அந்தத் தண்டனை மலைக்கு எதுக்கு?" என்றாள். ஆனாலும் கட்டை என் மடியில் வைத்தாள். எத்தனை தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள் என்பதை நான் எண்ணவில்லை.

தையலை மும்தாஜ் அக்கா கண் முன்னாலேயே உட்கார்ந்து முடித்தேன். நிறைய "பிரிங்க." கடைசியில் அவரே நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். புத்தகம் ஊஞ்சல் ஆடியது. விழவில்லை. "இது போதும்" என்றார். முதுகுக்குப் பசை, சிவப்புக் காலிகோ துணி, அட்டை மட்டும்தான் பாக்கி. அவற்றை மறுநாள் செய்யலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் போனால் கடை பூட்டியிருந்தது. இரண்டு அக்காக்களும் ஒரு கல்யாணத்துக்காகத் திருநாவலூர் போய்விட்டிருந்தார்கள். ஆண்டு விழாவோ அதற்கு அடுத்த நாள்.

பயப்படவில்லை. எனக்குள் தாடிக்காரன் இருக்கிறான் அல்லவா? முதுகுக்கு எந்தப் பசை என்பது மட்டும் தெரிய வேண்டும். ரேணுகா அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் நாதஸ்வரமும் தவிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, முதுகுக்கு மைதா போதுமா?"

"இன்னாது?"

"முதுகுக்கு! மைதா போதுமா?"

"ஐய, அவ்ளோ கெட்டிப் புக்குக்கு வெறும் மைதா தாங்காது சார். வஜ்ஜரம் போடுங்க!"

"என்ன போடணும்?"

"வஜ்ஜரம்! வஜ்ஜரம்!" டும் டும் டும்.

"வஞ்சரமா?"

"ஆங், அதான்! காஞ்சதா பாத்து வாங்குங்க. ஈரமா இருந்தா வேலைக்கு ஆவாது."

"காஞ்சது... சரிங்க்கா."

"தண்ணியில நல்லா ஊறப் போடுங்க. ஊறினப்புறம் கொதிக்கிற தண்ணிக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு, அதுல போட்டுக் காய்ச்சணும். நாறும் சார்! ஜன்னலைத் தொறந்து வெச்சிக்கோங்க. நாறுதேன்னு வுட்றாதீங்க, நாத்தம் இருந்தாதான் அது அசலு."

எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. "அக்கா, இதை எதுலேர்ந்துதான் பண்றாங்க?"

"எல்லாம் செத்ததுலேர்ந்துதான் சார்! தோலு, எலும்பு, எல்லாத்தையும் போட்டு..." கெட்டிமேளம். லைன் கட்டாகிவிட்டது.

இப்போது யாராவது ஒரு தச்சர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் சிரித்துப் புரண்டுகொண்டிருப்பார். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வஜ்ஜிரம் என்று ஒரு பசை இருக்கிறது. தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்வது. வெல்லப்பாகு நிறத்தில், காய்ந்த வில்லைகளாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மரச் சாமானும் பழைய பைண்டிங்கும் அதில்தான் ஒட்டும். இந்த விவரம் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒரே ஒரு செல்போன் ரிப்பேர்க்காரனைத் தவிர.

அந்த ரிப்பேர்க்காரன் நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போனான்.

போகும் வழியில் போனில் தேடியும் பார்த்தேன், நான் ஒன்றும் முழு முட்டாள் இல்லை. மீனிலிருந்து பசை எடுப்பது உண்மையாகவே உண்டாம்! அந்தக் காலத்தில் வெளிநாட்டில் புத்தகத்துக்கெல்லாம் போட்டிருக்கிறார்களாம்! வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே சிலிர்த்து நின்றேன். எப்பேர்ப்பட்ட வித்தையை இந்த அக்காக்கள் கள்ளக்குறிச்சிச் சந்துக்குள் வைத்திருக்கிறார்கள்! (முழு முட்டாளைவிட நெட்டில் தேடிய முட்டாள்தான் ஆபத்தானவன்.)

கருவாடு விற்கிற அம்மாவிடம், "காஞ்ச வஞ்சிரம் இருக்குதாம்மா?" என்றேன்.

"கடலூர்லேர்ந்து இப்பதான் வந்துச்சுப்பா. கொழம்புக்கா, வறுக்கவா?"

"புக்குக்கு."

"இன்னாது?"

"புக்குக்கும்மா. புத்தகத்துக்கு."

அந்த அம்மா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரல் கனிந்துவிட்டது. "பரிச்சைக்குப் படிக்கிற புள்ளைக்கா? அப்போ தலத் துண்டா எடுத்துக்கோ கண்ணு. மூளைக்கு நல்லது."

தலைத் துண்டாகவே வாங்கினேன். மூளைக்கு நல்லது என்றால் யாருக்கு வேண்டாம்?

வீட்டுக்கு வந்து ஊறப் போட்டேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் சின்னப் பாத்திரம் வைத்து, அதில் வஞ்சிரத்தைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வாசனை எங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவில் விசாரித்துக்கொண்டிருந்தது. மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, வூட்ல மலர் இல்ல போலருக்கு, வாசனை தூக்குது?"

"பைண்டிங் பண்ணிக்கினு இருக்கேங்க."

"அப்டியா? அது எந்த ஊருப் பக்கம் வெக்கிற கொழம்பு?"

காய்ச்சி வடிகட்டியதில் கொழகொழவென்று ஏதோ கிடைத்தது. ஒட்டுகிற அளவுக்கு இல்லை. என் சொந்த அறிவைப் பயன்படுத்தி ஒரு கை மைதா போட்டேன். நன்றாக இறுகியது. வழக்கம்போல் மயில்துத்தத்தை மறந்தேன். புத்தகத்தின் முதுகில் தாராளமாகப் பூசி, காலிகோ ஒட்டி, அட்டை வைத்து, மேலே காஸ் சிலிண்டரை ஏற்றி வைத்தேன். ஜன்னல் விளிம்பில் மூன்று பூனைகள் உட்கார்ந்து, தாடிக்காரர் வீடியோவைப் பார்ப்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

காலையில் சிலிண்டரை இறக்கினால், அடடா! சிவப்பு முதுகு, கூர்மையான ஓரம், கல் மாதிரி உறுதி. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். உடனே திறந்துகொண்டேன். நெடி கண்ணில் ஏறிவிட்டது.

கொஞ்சம் பவுடர் போட்டேன். ஊதுபத்தி காட்டினேன். கருவாட்டுக்குத் திவசம் கொடுத்த மாதிரி ஆயிற்று. சரி, மலைக் காற்றில் போய்விடும் என்று துணிப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன்.

கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் கண்டக்டர் கேட்டார், "யாருப்பா அது பஸ்ஸுக்குள்ள கருவாடு ஏத்தினது?" நான் ஜன்னல் வழியாக இயற்கையை ரசித்தேன். மலை ஏற ஏற, வளைவுக்கு வளைவு, ஆட்கள் முன் பக்கமாக நகர்ந்துகொண்டே போனார்கள். கடைசியில் டிரைவர் மடியில்தான் யாரும் உட்காரவில்லை. பின் பாதி பஸ்ஸில் நான் ஒருவன், கூட ஒரு பாட்டி. அவர் மட்டும் நெருங்கி வந்து, "எங்கப்பா வாங்குன, சரக்கு நல்லாருக்கும்போலக்கீதே?" என்று கேட்டார்.

பள்ளி வாசலில் இறங்கியதும் முதலில் என்னை வரவேற்றவர் பீ.டி. சார்.

பீ.டி. சார் ஒரு நாய். செம்பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அந்தப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியர் கிடையாது. பிள்ளைகளை ஓடவைக்கிற ஒரே ஜீவன் என்பதால் பிள்ளைகளே கொடுத்த பதவி அது. எப்போதும் எட்ட நின்று ஒரு குலைப்போடு விட்டுவிடுகிறவர், அன்றைக்கு என் துணிப்பையைப் பார்த்து வாலால் தரையைப் பெருக்கினார். என் மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

மலர் புத்தகத்தை வாங்கினாள். முகம் மலர்ந்தது. அடுத்த மூச்சில் சுருங்கியது.

"ஏங்க... இது இன்னாங்க வாசன?"

"அசல் வஞ்சிரம்" என்றேன். "நாத்தம் இருந்தாதான் அசல்."

அவள் மேலே கேட்பதற்குள் மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சிறப்பு விருந்தினராக ஒரு கல்வி அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். சாமியானாவுக்குக் கீழே பெற்றோர்கள் நிறைந்திருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பூ வைத்த பிள்ளைகள், தங்கள் பக்கம் எப்போது வரும் என்று மேடை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். மேசையில் பட்டுத் துணி போட்டு மூடிய புத்தகம்.

அதிகாரி எழுந்து துணியை விலக்கினார். கைதட்டல். குனிந்து புத்தகத்தைத் திறந்தவர், அப்படியே நிமிர்ந்து மூக்கை நாலு பக்கமும் திருப்பினார். தலைமையாசிரியர் பக்கம் சாய்ந்து கேட்டது மைக்கில் ஊருக்கே கேட்டது.

"ஏம்மா, சத்துணவுல இன்னைக்குக் கருவாடா போட்டிருக்கீங்க?"

சமையல் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "ஐயோ சார்! சாம்பாரு சார்! சத்தியமா சாம்பாரு! வந்து பாருங்க சார்!"

அதிகாரி கடமையில் கண்டிப்பானவர். "பாத்துடலாம்" என்று இறங்கினார். அவர் பின்னால் தலைமையாசிரியர், அவர் பின்னால் மலர், அவள் பின்னால் என்ன ஏது என்று பாதிப் பெற்றோர்கள். சமையல் கூடத்தில் அண்டாவைத் திறந்து, கரண்டியை விட்டுத் துழாவி, முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டி, பெரிய விசாரணை. நான் மட்டும் கூட்டத்தின் பின்னால் நின்று, உண்மையை இப்போது சொல்லலாமா, ஊருக்குப் போய்க் கடிதம் போட்டுச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேடைப் பக்கமிருந்து பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின.

"டீச்சர்! பீ.டி. சார் புக்கத் தூக்கிக்கினு ஓடுறாரு!"

அதிகாரி கரண்டியோடு திரும்பினார். "யாரு? எந்தப் பீ.டி. சாரு? இந்த ஸ்கூலுக்குப் பீ.டி. போஸ்டே கெடையாதே?"

அதற்குள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பீ.டி. சார், வாயில் சிவப்புப் புத்தகம். அவர் பின்னால் மொத்தப் பள்ளி. பிள்ளைகளுக்குப் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலர். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், ஓடிப்போன ஊழியரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிற தீர்மானத்தோடு, கரண்டியும் கையுமாக அதிகாரி. மைதானத்தைச் சுற்றி, அடிபம்பைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்குள் நுழைந்தோம்.

அந்த ஓட்டத்தில் எனக்கு ஒரே நினைப்புதான். மலர் ஓடுகிற ஓட்டத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது. கரடி, தேனெடுக்கிற அப்பா, பஸ்ஸைவிடப் பெரிய டிரைவர், எல்லாம் நாயின் வாயில். காரணம், எல்லாம் தெரிந்த மாதிரி ஆட்டிய ஒரு தலை.

மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் பீ.டி. சார் சாவகாசமாகப் படுத்திருந்தார். புத்தகத்தை இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, முதுகைப் பாராயணம் செய்துகொண்டிருந்தார். காலிகோ போய்விட்டது. ஒரு அட்டை தனியாகக் கிடந்தது, இன்னொன்றில் பல் பதிந்திருந்தது. பசை இருந்த இடத்தில் பசை இருந்த சுவடே இல்லை, கழுவித் துடைத்த தட்டு மாதிரி. (நான் மயில்துத்தத்தை மறந்திருந்தேன் அல்லவா? என் வாழ்க்கையில் மறதி ஓர் உயிரைக் காப்பாற்றியது அந்த ஒரு முறைதான்.)

யாரோ ஒரு முறுக்கைக் காட்டி அவரை எழுப்பினார்கள். மலர் புத்தகத்தை எடுத்தாள். முதல் தாளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. நடுவில் ஒன்றை இழுத்தாள். வரவில்லை. நூல் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். மும்தாஜ் அக்கா தூக்கிய மாதிரியே. சட்டை போடாத பிள்ளை மாதிரி, வெறும் தையலோடு புத்தகம் ஊஞ்சல் ஆடியது. ஒரு பக்கம்கூட விழவில்லை.

"எல்லாம் இருக்குது டீச்சர்!" என்று ஒரு பெண் பிள்ளை கத்தினாள். "என் கரடி மேல மட்டும் பீ.டி. சார் எச்சில் வுட்டுக்கீறாரு!"

"ஐ, என்னுதுலயும்!" என்றது இன்னொன்று. உடனே எல்லோருக்கும் தன் பக்கத்திலும் எச்சில் வேண்டும் என்று ஆகிவிட்டது. மலரைப் பார்த்தேன். அவள் தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போனால்தான் தெரிந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ரிஷிவந்தியத்தில் பார்த்த அதே முந்தானை அடைப்பு.

அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "எங்கம்மா அந்தப் பீ.டி. ஆசிரியர்?" பிள்ளைகள் காட்டினார்கள். பீ.டி. சார் முறுக்கோடு வாலை ஆட்டினார். அதிகாரி கரண்டியைக் கீழே இறக்கிவிட்டு, "வருகைப் பதிவு ஒழுங்கா இருக்குதா?" என்று கேட்டார். அப்புறம்தான் காடே சிரித்தது.

விழா நடந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏறி, அட்டையில்லாத புத்தகத்திலிருந்து தங்கள் பக்கத்தை வாசித்தார்கள். பெற்றோர்கள் கைதட்டினார்கள். எங்கெங்கே எச்சில் பட்டிருந்ததோ அங்கே கைதட்டல் ஜாஸ்தி. நான் மேடைக்குப் பின்னால் ஒளிந்து நின்று ரேணுகா அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து, "மீனா? சார், மீனா போட்டீங்க?" என்று ஒரு அலறல். பிறகு போன் கைமாறிக் கைமாறி, இன்னும் கூட்டம் கலையாத கல்யாண வீடு முழுவதும் போயிற்று. ஒவ்வொருவரும் ஒருமுறை, "சார், மீனா?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கடைசியாக வந்தவர் மாப்பிள்ளை என்று நினைக்கிறேன்.

பிறகு அக்காக்களே அசல் வஜ்ஜிரம் காய்ச்சிப் புது முதுகு போட்டுக் கொடுத்தார்கள். (அதுவும் நாறத்தான் செய்கிறது. அந்த விஷயத்தில் ரேணுகா அக்கா பொய் சொல்லவில்லை.) பல் பதிந்த அட்டையை மாற்றக் கூடாது என்று பிள்ளைகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், அதன் மேலேயே புதுத் துணியை ஒட்டினார்கள். பள்ளிக்கு யார் போனாலும் பிள்ளைகள் முதலில் அந்த அட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். நாலு பள்ளம் கையில் தட்டுப்படும். கள்ளக்குறிச்சிக் கடையில் எனக்கு வேலை இன்னும் இருக்கிறது. யாராவது புது வாடிக்கையாளர் வந்து, "நல்ல பசையா போட்டுக் குடுங்கக்கா" என்று கேட்டால் போதும். "கொழம்புக்கா, வறுக்கவா?" என்று மும்தாஜ் அக்காவே கேட்கிறார். அதிகம் பேசாதவர்!

மாமியார் வீட்டில் மீன் வாங்கும் நாளில் என் இலையில் முதல் துண்டை வைத்துவிட்டு, "மாப்ளே, ஒட்டுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள்.

போன வாரம் மலர் மலை இறங்கி வந்தபோது கையில் மறுபடி ஒரு பெரிய கட்டு. இந்த வருஷத்துப் பிள்ளைகள், இந்த வருஷத்துப் படங்கள். மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏப்ரனை ஒளித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தையல் என் கையில் நின்றதா இல்லையா, வஜ்ஜிரத்துக்கும் வஞ்சிரத்துக்கும் வித்தியாசம் இப்போது எனக்குத் தெரியுமா தெரியாதா என்று எடுத்துச் சொன்னேன். அவள் கட்டை அவிழ்க்காமல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ, இதையும் நானே பைண்டிங் பண்ணட்டுமா மலர்?"

"பீ.டி. சாரைக் கேட்டுச் சொல்றேன்."